அச்செழுத்தின் வடிவும் நூலின் அமைதியும்

எழுத்தென்பது ஒலிவடிவு, வரிவடிவு என இருதிறப்படும். ஒலிவடிவு செவிக்குப் புலனாகி அப்பொழுதே மறைவது. வரிவடிவு கண்ணுக்குப் புலனாகி நெடுங்காலம் நிலைபெறுவது. ஒலியெழுத்தின் பிறப்பும் மாத்திரையும் புணர்ச்சியும் இலக்கண நூல்களில் விரித்தோதப்பட்டன. வரிவடிவினைப் பற்றி அந்நூல்கள் ஓதியன மிகச் சிலவே. அக்காலத்து நூல் ஆசிரியன்வாய்க் கேட்டு நெஞ்சில் நிறுத்தப்பட்டமையின் ஏடு நினைவிற்குத் துணையாம் அளவில் நின்றது. அதனால் வரிவடிவினை விரித்துரைத்தற்கு வேண்டுகை பெரிதாயிற்றில்லை. ஆசிரியனின்றித் தானே நூலைக் கையிலெடுத்துப் பயில்வோர் பெருகிய பின்னரே, எழுத்து எவ்வடிவினதாய், எவ்வளவினதாய், எவ்வாறு அடுக்கப்பட்டு நிற்றல் வேண்டும் என்னும் வினா எழலாயிற்று. அவ்வினாவிற்கு விடை கூறுங் கலையே அச்செழுத்துக் கலை. நூலினைக் கண்ணுக்கு இனிதாகவும் கருத்துக்கு எளிதாகவும் அமைக்கும் கலைகளுள் தலையாயது இதுவேயாம்.

இக்கலை அழகின் பொருட்டாயதே என்று கருதுவார் உளர். அது பொருந்தாது. எழுத்தின் வடிவு பொருளைக் காக்கவும் வல்லது, கெடுக்கவும் வல்லது. தமிழ் நூல்கள் ஓலையினின்று அச்சேறிய வரலாறே இதற்குச் சான்றாம்.

ஏட்டெழுத்தின் இயல்பு

ஓலைச்சுவடியில் எழுத்துக்கள் இடையறவின்றித் தொடர்ந்து செல்லும். சொல்லுக்குச் சொல் இடம் விடுதல் இல்லை; செய்யுளும் அடியடியாகப் பிரித்து எழுதப்படுவதில்லை. ஏட்டெண் ஓரத்தில் நிற்கும். நூற்பெயர் கூறும் முகப்பேடு பெரும்பாலும் இல்லை; நூலின் பெயரும், படியெடுத்தோன் பெயரும், எழுதி முடித்த நாளும் இறுதியிற் காணப்படுதலே பெருவழக்கு.

மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் சுவடி எழுதுவோர் புள்ளியை இடாது விடுதலே பெருவழக்காயிற்று. எழுத்தாணியின் கூர்முனையாற் புள்ளி குத்தின் ஓலை பொத்துப்போம் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். புள்ளி மறையவே குறிலும் நெடிலும் ஒருவடிவாயின. உயிர்மெய்யும் மெய்யும் ஒருவடிவாயின. இவற்றோடு, ஆகாரத்தைக் காட்டுங் காலும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன.

இதனால் விளைந்த மயக்கம் சிறிதன்று. கொம்பு, ககரம், கால் என்னும் மூன்றும் ஏட்டில் அடுத்து நிற்பின், அதனைக் கொ எனலாம், கோ எனலாம், கெர எனலாம், கேர எனலாம், கெர் எனலாம், கேர் எனலாம். அவ்வாறே கொம்பு, பகரம், கால், னகரம் என்னும் நான்கும் நின்றவழி, பொன் என்று ஒருவரும், போன என்று மற்றொருவரும், பேரன் என்று பிறிதொருவரும் படித்தல் கூடும். உண்மை என்னும் பொருட்டாகிய மெய் என்பதும், எழுந்தருளிய என்னும் பொருட்டாகிய மேய என்பதும் ஏட்டில் ஒன்றே. இவற்றுள் எது கொள்ளற்பாலது என்பதனை இடனும் யாப்பும் ஆசிரியன் அறிவுமே துணியும். முறையாகப் பாடங் கேட்டார்க்கு இஃது இடரன்று. கேளாதார்க்கோ கண்கட்டி நடத்தலாம்.

ஈயவெழுத்தின் பிறப்பு

அச்செழுத்து ஆக்குமாறு பின்வருவது. உருக்குத் துண்டொன்றின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாக வெட்டுவர். அதனைச் செம்புத் தகட்டில் அடித்துப் பள்ளம் ஆக்குவர். அப்பள்ளத்தை அடியாகக் கொண்ட அச்சிலே ஈயமும் பிற உலோகமும் கலந்து உருக்கி வார்ப்பர். ஒரு பள்ளத்தினின்று ஆயிரக்கணக்கான எழுத்துக்கள் ஒருபடித்தாய்ப் பிறக்கும். ஆகலின் உருக்கு வெட்டுவோன் செய்யும் ஒரு பிழை ஆயிரம் பக்கங்களிற் பிழையாம். அவன் செய்யும் ஒரு திருத்தம் ஆயிரம் பக்கங்களிற் திருத்தமாம்.

ஐரோப்பாவில் ஜெர்மனி நாட்டு மைன்ஸ் நகரத்துக் கூட்டன்பர்க் என்பார் 1455ஆம் ஆண்டினை ஒட்டிப் பக்கத்திற்கு 42 வரியாக அச்சிட்ட விவிலியம், அந்நாட்டுக் கையெழுத்துச் சுவடியினையே பெரிதும் ஒத்திருந்தது. புதிய கருவி பிறந்தவிடத்தும் வடிவு பழையதே என்க. தமிழிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1554ஆம் ஆண்டில் இலிஸ்பன் நகரில் அச்சான தமிழ்நூல் உரோமானிய எழுத்தினால் ஆயது. தமிழெழுத்தால் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம். அது 16 பக்கங்களையுடையது. போர்த்துக்கேசியராகிய அண்டிரிக்கி அடிகள் ஆக்கியது. அதன் எழுத்துக்களுள் ஒருவகை கோவாவிலும், மற்றொருவகை கொல்லத்திலும் வெட்டப்பட்டன. இருவகையும் ஓலையெழுத்தின் போக்கினைப் பின்பற்றின. 1679ஆம் ஆண்டில் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளின் தமிழ்–போர்த்துக்கேசிய அகராதிக்கு மரத்தில் வெட்டிய எழுத்துக்கள் பயன்பட்டன.

பின்னர்த் தரங்கம்பாடியில் நிகழ்ந்தது எழுத்தின் அளவு பற்றி ஆராய்வார்க்கு மிகவும் பயன்படுவது. சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார்க்கு இலண்டனிலிருந்து 1712ஆம் ஆண்டில் அச்சுப்பொறி வந்தது. தமிழெழுத்துக்கள் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தன. காகிதமோ கடல் கடந்து வருவது. பெரிய எழுத்தால் அச்சிடின் கையிலுள்ள காகிதம் நூல் முடியுமுன்னரே தீர்ந்துபோம் நிலை நேர்ந்தது. ஆதலின் அவ்விடத்திலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. தமிழெழுத்தின் உருவம் சிறிதாதற்கு முதற் காரணம் கலையன்று, காகிதத்தின் விலையேயாம். எனினும் சிறிதாகியவழியும் தெளிவு குன்றாது நிற்றல் எவ்வாறு என்னும் வினாவினை அஃது எழுப்பிற்று. இவ்வினாவே அச்செழுத்துக் கலையின் உயிர்நிலை என்னலாம்.

புள்ளியும் நெடிலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் எகர ஒகர நெடில்களுக்கு வேறு வடிவு வகுத்தார் என்பர். புள்ளியாற் குறிலைக் காட்டிய பழைய முறைக்கு மாறாக, நெடிலுக்குக் காலும் சுழியும் கூட்டி ஏ, ஓ எனவும், கொம்பினை மேற்சுழித்துக் கே, கோ எனவும் எழுதுதல் இம்முறை. இஃது உடனே எங்கும் பரவிற்றில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுக்கூடங்கள் பலவாகிய பின்னரே மெய்யின்மேற் புள்ளியிடுதலும், நெடிற்கொம்பு இடுதலும், காலினின்று ரகரத்தை வேறுபடுத்தி அதன் அடியைச் சாய்த்து வெட்டுதலும் ஒருங்கே நிலைபெற்றன.

இம்மூன்று திருத்தங்களையும் ஒருவன் சிறியன என எண்ணலாம். பொன், போன, பேரன் என்னும் மூன்றும் இவற்றாலேயே வேறு வேறாய்ப் பிரிந்து நின்றன என்பதனை உணரின், ஈயத்தில் இட்ட ஒரு சிறு புள்ளி எத்துணைப் பெரிய உரை என்பது விளங்கும். ஓலை பொறாத புள்ளியை ஈயம் பொறுத்தது. தொல்காப்பியர் விதித்தவற்றுள் மெய்க்குரிய புள்ளி, எழுத்தாணியாற் கைவிடப்பட்டு, உளியால் மீட்கப்பட்டது.

தமிழ் எழுத்துவார்ப்பின் அருமை

ஆங்கில அச்சுக்கோப்போனுக்குப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, ஆக 52 எழுத்துக்களே முதன்மையானவை. தமிழுக்கோ உயிர் 12, ஆய்தம் 1, புள்ளியுடைய மெய் 18, அகரமேறிய மெய் 18, இகர ஈகரம் ஏறியன 36, உகர ஊகரம் ஏறியன 36, ஆக 121 வடிவுகள் வேண்டும். காலும் கொம்பும் ஐகாரக் குறியும் இவற்றின் வேறு. வடவெழுத்தும் எண்ணும் சேரின் எழுத்துப்பெட்டியின் அறைகள் இன்னும் பெருகும்.

அன்றியும், தமிழெழுத்துக்கள் அகலத்தால் ஒத்தன அல்ல. ரகரம் ஒடுங்கியது, ணகரமும் ஞகரமும் அகன்றன. இகரக் குறியும் புள்ளியும் மேலே எழும். உகரக் குறி கீழே இறங்கும். ஆகலின் வரிக்கும் வரிக்கும் இடையே ஆங்கிலத்தினும் மிகுந்த இடைவெளி வேண்டும். அஃதின்றேல் மேல்வரியின் கீழ்விலங்கும் கீழ்வரியின் மேல்விலங்கும் ஒன்றையொன்று தொடும். இவ்வருமைகளை உணர்ந்து, சிறியவாயும் தெளிவுடையவாயும் எழுத்துக்களை ஆக்கியவருள் சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை நடத்திய ஹண்ட் என்பார் சிறந்தவர். 1862ஆம் ஆண்டில் அவர் அச்சிட்டு வெளியிட்ட வின்சுலோ தமிழ்–ஆங்கில அகராதி, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று நெருக்காது நிற்றற்கு நல்ல எடுத்துக்காட்டாம்.

நாவலர் பதிப்புக்கள்

அச்சுப்பொறி இந்நாட்டிற்குப் பிறசமயத்தார் வாயிலாக வந்தது. தொடக்கத்தில் அவர் சமயநூல்களே பெரும்பாலும் அச்சாயின. 1812ஆம் ஆண்டில் திருக்குறளும் நாலடியாரும் அச்சேறின. 1835ஆம் ஆண்டில் அச்சுக்கூடம் பற்றிய கட்டுப்பாடு நீங்கிய பின்னர், இந்நாட்டார் தாமே அச்சுக்கூடம் நடத்துதல் பெருகிற்று. சரவணப்பெருமாளையரும் விசாகப்பெருமாளையரும் போன்ற புலவர் பதிப்பாசிரியராயினர்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பார்சிவல் பாதிரியாரிடத்து விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைபுரிந்த நாளில், அச்சு நூலின் ஆற்றலை நேரே கண்டார். கண்டவர் அதனை இகழ்ந்து ஒதுக்காது, தம் சமயத்திற்குக் கருவியாக்க எண்ணினார். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, 1849ஆம் ஆண்டில் அச்சுப்பொறி வாங்கும்பொருட்டுச் சென்னை சென்றார். திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் அளித்ததும் அச்செலவின்கண்ணேயாம். அவர் நிறுவியது வித்தியாநுபாலன யந்திரசாலை. 1852ஆம் ஆண்டிற் பெரியபுராண வசனமும், 1860ஆம் ஆண்டிற் திருக்கோவையார் உரையும், 1861ஆம் ஆண்டிற் திருக்குறட் பரிமேலழகருரையும் அவரால் அச்சேறின.

நாவலர் பதிப்புக்களைப் பிழையின்மைக்காகப் புகழ்தல் வழக்கு. அவற்றின் பக்கவமைதியும் அத்துணைப் புகழ்ச்சிக்கு உரியது. உரைநடையிற் சொற்களைப் பிரித்துக் காட்டியும், காற்புள்ளி முதலிய நிறுத்தக் குறிகளை இட்டும், கருத்து மாறுமிடத்துப் பத்தி பிரித்தும் அவர் அமைத்தார். நிறுத்தக் குறி மேனாட்டு வழக்கு. அதனைத் தமிழ்த்தொடரின் போக்கிற்கு இசைவித்தது அவர்தம் புலமை. ஆசிரியன் பாடஞ் சொல்லுங்கால் எங்கே நிறுத்துவான், எங்கே அழுத்துவான் என்பதனை, ஆசிரியன் அருகில் இல்லாத மாணாக்கனுக்கு அக்குறிகள் உணர்த்தின. குரலின் தொழிலை எழுத்து மேற்கொண்டது என்க.

மூலமும் உரையும்

இடைவெளி இட்டுப் பிரித்தல் நன்மையேயன்றித் தீமை தருதல் இல்லையோ எனின், உண்டு. செம்பொன்பதின்றொடி என இலக்கண உரைகாரர் காட்டும் தொடரை எடுத்துக்கொள்க. செம்பு ஒன்பதின் தொடி எனப் பிரிப்பின் ஒன்பது தொடி நிறையுள்ள செம்பாம். செம்பொன் பதின் தொடி எனப் பிரிப்பின் பத்துத் தொடி நிறையுள்ள பொன்னாம். ஓலையில் இரண்டிற்கும் இடமுண்டு. அச்சுக்கோப்பவன் ஓரிடத்தில் ஈயத்துண்டினைச் செருகியவுடன் பொன் செம்பாகிவிடும், செம்பு பொன்னாகிவிடும். படிப்போனுக்கோ வேறொரு பொருள் உண்டென்பதே தெரியாது. ஓலை ஐயத்தைத் தந்தது. ஐயம் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. அச்சு துணிவைத் தருகின்றது. அத்துணிவு தவறாயின் தவறும் துணிவாகவே பரவுகின்றது.

திருமுறைகளில் இவ்விடர் இன்னும் மிகுதி. பண்ணோடு ஓதுவார்க்குச் சீர் பிரிந்து நிற்றல் வேண்டும்; பொருள் உணர்வார்க்குச் சொல் பிரிந்து நிற்றல் வேண்டும். சீர் பிரிந்தவிடத்துச் சொல் சிதையும். சொல் பிரிந்தவிடத்துச் சீர் சிதையும். இருவர்க்கும் ஒரே வரி பணிசெய்தல் அரிது.

பழைய பதிப்பாசிரியர் இதற்குக் கண்ட வழி எழுத்தின் அளவிலே உள்ளது. மூலத்தைப் பெரிய எழுத்தில், சீரமைதி கெடாது, சந்தி பிரியாது அச்சிட்டனர். அதன்கீழ் உரையைச் சிறிய எழுத்தில், சொற்பிரிப்போடு அச்சிட்டனர். பெரிய எழுத்து ஆசிரியன் வாக்கு. சிறிய எழுத்து உரைகாரன் கருத்து. இது நூல், இது துணிபு என்பது படியாமுன்னரே கண்ணுக்குப் புலனாயிற்று. உரைகாரன் பிரித்தது பொருந்தாதெனத் தோன்றின், மாணாக்கன் மேலே நோக்கிப் பிரியாத மூலத்தைக் கண்டு தானே ஆராயலாம். மூலத்தின் உரிமையும் உரையின் உதவியும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று அழிக்காது நின்றன. 1887ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், தம் பதிப்புக்களில் இவற்றோடு அடிக்குறிப்பும் பாடபேதமும் சேர்த்தார். ஏடு பலவற்றிற் கண்ட வேறு பாடங்கள் பக்கத்தின் அடியில் நிற்கவே, அச்சினால் இழந்த ஐயம் அச்சினாலேயே மீண்டும் கிடைத்தது.

1950ஆம் ஆண்டினை அடுத்து மர்ரே இராஜம் அவர்கள் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்ட பதிப்புக்கள் நூல்களைப் பலர் கைக்குக் கொண்டுசென்றன. அப்பயன் பெரிது. எனினும் பிரித்த வடிவம் ஒன்றே கிடைக்குமாயின், அதனை மூலம் என்றே பிற்காலத்தார் கருதுவர் என்பதும் மறக்கற்பாலதன்று.

வரியமைதியும் இலக்கணமும்

தமிழ்ச்சொற்கள் நீண்டன, ஆகலின் வரியிறுதியிற் சொல் முறிதல் தவிர்த்தற்கு அரிது. பழைய அச்சுக்கோப்பாளர் இணைகுறி இடாமலே முறித்தனர். முறிக்கும் இடத்தை மொழியிலக்கணமே காட்டும். மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது. ஆதலின் புள்ளியெழுத்து வரிக்கு முதலாதலும் கண்ணுக்கு ஏலாது. கொம்பும் அது சேர்ந்த மெய்யும் காலும் ஓரெழுத்து. அவற்றைப் பிரித்து இருவரியில் நிறுத்துதல் எழுத்தையே பிளத்தலாம். மேனாட்டார் ஒரு சொல்லை விதந்து காட்டச் சாய்ந்த எழுத்தைப் பயன்படுத்துவர். அது அவர்தம் கையெழுத்து மரபினின்று பிறந்தது. தமிழில் அத்தகைய மரபு இன்மையின், நேரெழுத்தையே சாய்த்து வைத்தலினும், எழுத்தின் அளவாலும் தடிப்பாலும் வேறுபடுத்துதலே பொருந்துவது.

பிற்கால மாற்றங்கள்

1978ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்களின் பழைய கூட்டுவடிவம் நீங்கிப் பிற எழுத்துக்களோடு ஒத்த வடிவம் வந்தது. அச்சுத்தொழிலுக்கு எளிமை உண்டாயிற்று. அதனோடு, அதற்கு முன்னர் அச்சான நூல்களை இளைஞர் தடையின்றிப் படித்தற்குச் சிறிது பயிற்சி வேண்டுவதும் ஆயிற்று. துதிக்கைபோல வளைந்த பழைய ணை, லை என்பவற்றைச் சிறார்க்கு அரைமணிப் போதில் அறிவித்தல் கூடும். அறிவியாது விடின், நூற்றாண்டுப் பதிப்புச் செல்வம் அவர்க்குப் பூட்டிய பேழையாம்.

1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறையிலே தமிழெழுத்தும் இடம் பெற்றது. ஈயம் மறைந்து கணினியில் எழுத்துருக்கள் பிறந்தன. கருவி மாறியும் பழைய மயக்கம் முற்றும் ஒழிந்திலது. அச்சுநூலைப் படம்பிடித்துத் தானே எழுத்தாக்கும் பொறி, காலினை ரகரமாகவும் ரகரத்தைக் காலாகவும் இன்றும் மாறிக் கொள்ளுகின்றது. ஏடு படித்தோர் இடர்ப்பட்ட அதே இடத்திற் பொறியும் இடர்ப்படுகின்றது. ஔகாரத்தை ஓரெழுத்தாக இடாது, ஒகரமும் ளகரமும் அடுத்து இடுவாரும் உளர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, கணினிக்கோ வேறு. ஔவையார் என்று தேடுவானுக்கு அவ்வாறு பிழைபட இட்ட பக்கங்கள் அகப்படுதல் அரிது. ஏட்டில் ஒருவடிவு பல பொருளாய் மயங்கிற்று. கணினியில் ஒரு பொருள் பல குறியாய் மறைகின்றது.

முடிபு

இதுகாறுங் கூறியவாற்றால், எழுத்தின் வடிவும் அளவும் இடைவெளியும் நூலுக்குப் புறத்தே பூசிய பூச்சல்ல என்பதும், அவை உரைக்கு முன்னே நிற்கும் முதலுரை என்பதும் பெறப்படும். புள்ளி பொருளைக் காத்தது. இடைவெளி பொருளைத் துணிந்தது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மூலத்தையும் உரையையும் வரம்பிட்டு நிறுத்தின. திருமுறைகளையும் சாத்திரங்களையும் இந்நாளில் மீண்டும் பதிப்பிப்போர் அட்டையின் வண்ணத்திற்குச் செலுத்தும் கருத்தினை உள்ளிருக்கும் எழுத்திற்கும் செலுத்துதல் வேண்டும். மூலத்தைப் பிரியாது ஒருமுறையும், பிரித்து ஒருமுறையும், அளவால் வேறுபட்ட எழுத்துக்களில் தருதலும், பாடபேதங்களை அடியில் நிறுத்துதலும், மெய்ப்பு நோக்குங்கால் காலையும் ரகரத்தையும் ஔகாரத்தையும் தனித்தனியே ஆராய்தலும் அவர்தம் கடப்பாடாம். ஓலையைக் கரையான் தின்றது. அது கண்ணுக்குத் தெரிந்த அழிவு. பிழையெழுத்து நூலைத் தின்னுவதோ கண்ணுக்குத் தெரியாத அழிவு. முன்னதனினின்று நூல்களை மீட்ட சான்றோர்க்குப் பின்னதனினின்று அவற்றைக் காத்தலே செலுத்தத்தகும் கைம்மாறாம்.